முதலில் சூடு, பிறகு சாயம், கடைசியில் வண்ணம்

மரத்தைச் சுட்டு வரையும் புதுப் பேனா கைக்கு வந்ததும் பிளக்கில் சொருகிப் பார்க்கத்தான் மனசு பறக்கும். கொஞ்சம் பொறு கண்ணு. நீ செய்ய நினைக்கிற வாசல் பெயர்ப்பலகையில் மூன்று வேலைகள் இருக்கின்றன. மரத்தைச் சுட்டுக் கோடு இழுப்பது, மரத்துக்குச் சாயம், அதாவது வுட் ஸ்டெயின், ஏற்றுவது, வேண்டிய இடத்தில் மட்டும் பெயின்ட் வைப்பது. மூன்றும் இதே வரிசையில்தான் நடக்க வேண்டும். பாதி பெயின்ட் அடித்த பிறகு “இந்தக் கோட்டை இன்னும் கொஞ்சம் கருப்பாக்கலாமே” என்று தோன்றும். அப்போது பேனாவைத் தொடாதே.

முதல் காரணம் உன் மூச்சு. வெறும் மரம் கருகும்போதே நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் ஃபார்மால்டிஹைடும் வருகின்றன. அதன்மேல் பெயின்டும் வார்னிஷும் சேர்ந்து எரிந்தால் பிளாஸ்டிக் எரிவதைக் கிட்டே உட்கார்ந்து முகர்வதற்குச் சமம். ஓவியக்கடை மஞ்சள், சிவப்பு வண்ணங்கள் சிலவற்றில் காட்மியம் உண்டு. தூரிகையில் இருக்கும்வரை அதனால் பெரிய தொல்லை இல்லை. சூட்டில் புகையாகி உள்ளே போனால் தொல்லைதான்.

இரண்டாவது காரணம் அழகு. சூடான முனை போன இடத்தில் மரநார் கருகி ஒரு சின்னப் பள்ளம் விழுகிறது. பின்னால் வரும் சாயமும் தண்ணீர் வண்ணமும் நார்வழியே பரவ முயலும்போது அந்தக் கோடு வயல் வரப்புபோல நின்று தடுக்கும். ஆழமாக, விட்டுப்போகாமல் சுட்ட கோட்டுக்குள் வைத்த வண்ணம் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். மேலோட்டமாகப் பழுப்பு ஏறிய கோடு எதையும் தடுக்காது. ஆகவே பூ வரைந்து இதழ்களுக்கு வண்ணம் வைப்பதாக இருந்தால் அவற்றின் ஓரக்கோடு நன்றாக ஆழமாக விழட்டும். வண்ணமே வராத இடத்தில் மெல்லிய கோடு போதும்.

இப்போது மரம். வெளிர் நிறமும் நெருக்கமான ரேகையும் உள்ளதாகப் பார். நம்மூர் மரக்கடையில் குமிழ் கேள். வெளிர் மஞ்சள், கனம் குறைவு, முனை சீராகப் போகும். ஸ்டீம் பீச் கிடைத்தால் கோடு இன்னும் கூர்மையாக விழும், விலைதான் கூடுதல். பைன் எங்கும் மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் முதல் பலகைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அதில் மெத்தென்ற வெளிர் பட்டையும் கெட்டியான அடர் பட்டையும் மாறி மாறி வரும். மெத்தென்ற இடத்தில் முனை புதைந்து கருகும், கெட்டியான இடத்தில் துள்ளும். நடுநடுவே பிசின் வேறு கொப்பளிக்கும். வாசல் பலகை என்றதும் அம்மா தேக்குதான் என்பாள். மழை, வெயில் தாங்குவதில் தேக்குக்கு ஈடில்லை, உண்மை. ஆனால் அதன் நிறத்தில் சுட்ட கோடு எடுப்பாகத் தெரியாது, எண்ணெய்ப் பசையால் சாயமும் சரியாகப் பிடிக்காது. வேண்டுமானால் குமிழில் வரைந்து தேக்குச் சட்டம் போட்டுக்கொள், அம்மாவுக்கும் நிறைவு. ஈட்டி மரத்தை மட்டும் சுடாதே, அதன் தூள் பலருக்குத் தோல் அரிப்பையும் இழுப்பையும் கொடுக்கும்.

கைவினைக் கடைகளில் பட்டையோடு வட்டமாக அறுத்த மரத்துண்டு விற்கிறார்கள். பார்க்க அழகு. ஆனால் அது மரத்தைக் குறுக்கே வெட்டியது, தண்ணீர் ஏறும் குழாய்களின் வாய் முழுக்க மேல்பக்கமாகத் திறந்திருக்கும். சாயம் வைத்ததும் உறிஞ்சிக்கொண்டு எதிர்பார்த்ததைவிட இரண்டு பங்கு கருக்கும். இந்த மூன்று வேலையும் சேர்ந்த பலகைக்கு நீளவாக்கில் அறுத்த பலகையே சரி. வட்டத்துண்டில் சுடுவதோடு நிறுத்திக்கொள், சாயம் வேண்டாம்.

பிளைவுட், எம்.டி.எஃப். இரண்டையும் சுடாதே. மரத்தூளையும் ஏட்டையும் ஒட்டியிருக்கும் பசை சூட்டில் ஃபார்மால்டிஹைடைக் கக்கும். பழைய பேக்கிங் பலகை எடுத்தால் அதில் முத்திரை இருக்கிறதா பார். ‘எச்.டி.’ என்றால் வெப்பத்தில் பதப்படுத்தியது, ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைடு புகை காட்டியது, அதைத் தொடாதே. பச்சைச் சாயலோடு இருக்கும் பதப்படுத்திய மரத்தில் செம்பும் ஆர்செனிக்கும் இருக்கக்கூடும், அதுவும் வேண்டாம். ஊசிமுனைத் துளைகளும் அடியில் மெல்லிய மரப்பொடியும் தெரிந்தால் பலகை உளுத்துக்கொண்டிருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடு.

தேய்ப்பதில் சோம்பல் காட்டாதே. 120 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 180, பிறகு 220. எப்போதும் ரேகை ஓடும் திசையில் தேய். குறுக்கே தேய்த்த கீறல் இப்போது கண்ணுக்குத் தெரியாது, ஸ்டெயின் ஏறியதும் கோடு கோடாக வெளியே வரும். பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடு. மேலே மயிர்போல நார் எழும்பும். அதை 320-ல் மெதுவாகத் தடவி எடு. தண்ணீர் கலந்த சாயம் பின்னால் எழுப்பப்போகும் நாரை இப்போதே எழுப்பி அடக்கிவிட்டோம்.

படத்தை மரத்துக்கு மாற்றக் கடை கார்பன் தாள் வைக்காதே. அதன் மெழுகுக் கோடு ரப்பரில் அழியாது, வெளிர் வண்ணத்துக்கு அடியிலிருந்து நீலமாக எட்டிப்பார்க்கும். டிரேசிங் தாளின் பின்பக்கம் 4பி பென்சிலைப் பூசி, முன்பக்கம் அழுத்தி வரைந்தால் போதும். மிச்சக் கோட்டை ரப்பரால் அழித்துவிடலாம்.

என்ன வரையலாம் என்று கேட்டாயே. ஓரத்துக்குக் கோலம் போடு. உன் கைக்கு அந்த வளைவு சின்ன வயசிலிருந்தே பழக்கம், புள்ளி வைத்துப் பிரிப்பதால் அளவும் தவறாது. சிக்குக் கோலம் என்றால் கோடு நிற்காமல் ஓடும். புள்ளியைச் சுற்றி வரும் ஒவ்வொரு வளைவையும் ஒரே மூச்சில் இழு, கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மட்டும் கையை எடு. நடுவில் வீட்டுப் பெயர், கீழே ஒரு தாமரை. இதற்குமேல் வேண்டாம். முருகனும் மயிலும் வேலும் ஒரே பலகையில் வேண்டும் என்று ஆசைப்படாதே.

தமிழ் எழுத்தைச் சுடுவதற்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். ண, ஞ, இ, ஜ எல்லாம் சுழியுள்ள எழுத்து. முனை பருமனாகவும் எழுத்து சின்னதாகவும் இருந்தால் சுழியின் உள்ளிடம் கருகி அடைத்துக்கொள்ளும், ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகிவிடும். ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் எழுத்தை வை, சுழிகளைக் கொஞ்சம் தாராளமாக வரை. சுழியை முதலில் சுட்டுவிட்டு மீதியை இழு, அப்போதுதான் இடம் சரியாக அமையும். மெய்யெழுத்துப் புள்ளிக்கு உருண்டை முனையை மாற்றி ஒரே தொடல். இரண்டாம் முறை அழுத்தினால் புள்ளி பொத்தானாகிவிடும்.

பேனாவில் இரண்டு வகை. பித்தளை முனையைத் திருகி மாட்டும், சால்டரிங் அயர்ன் போன்ற வகை விலை குறைவு, மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். சின்னப் பெட்டியோடு வரும் கம்பி முனை வகை நொடிகளில் சூடேறும், திருகைத் திருப்பிச் சூட்டைக் கூட்டிக் குறைக்கலாம். எழுத்தும் நிழலும் இரண்டும் வேண்டுமென்றால் இரண்டாவதே வாங்கத் தகுந்தது. வீட்டில் ரேடியோ பழுதுபார்க்க வைத்திருந்த பழைய சால்டரிங் அயர்னை இதற்கு எடுக்காதே, அதன் முனையில் ஈயம் ஏறியிருக்கும். பித்தளை முனையைச் சூடு ஆறிய பிறகு மட்டும் கழற்று. சூட்டில் திருகினால் மறை தேய்ந்து பேனாவே வீணாகும்.

சூட்டு அளவு எத்தனை என்று ஒரு எண்ணைக் கேட்காதே, மரத்துக்கு மரம் மாறும். பலகையில் அறுத்த மிச்சத்துண்டை எடுத்துவைத்துக்கொண்டு அதிலேயே கோடு இழுத்துப் பார். எண் பார்க்காமலே சுடுகிறவர்கள் உண்டு. சத்தீஸ்கரின் பஸ்தரில் காய்ந்த சுரைக்குடுக்கைமேல் பழுக்கக் காய்ச்சிய கத்தி முனையால் படம் எழுதுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் அனங்கு மக்கள் விறகுத்தீயில் கம்பியைக் காய்ச்சி, செதுக்கிய மர உருவங்களின்மேல் கோலங்களைச் சுடுகிறார்கள். அவர்கள் கையில் திருகு எதுவும் இல்லை. கம்பி ஆற ஆறக் கையின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே கோட்டின் கருமையைச் சமமாக வைத்துக்கொள்கிறார்கள். நீயும் இதைத்தான் பழக வேண்டும். மெதுவாகப் போனால் கருப்பு, வேகமாகப் போனால் பழுப்பு. சூட்டைக் குறைத்து வைத்துக் கையை நிதானமாக ஓட்டு. அதிகச் சூட்டில் கோட்டின் இருபுறமும் பழுப்பு நிழல் படரும், பின்னால் வெளிர் வண்ணம் வைக்கும்போது அது அழுக்காகத் தெரியும்.

கோட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் கரும்பொட்டு விழுவது எல்லாருக்கும் வரும் தொல்லை. முனையை மரத்தில் வைத்துவிட்டு நகர்த்தாதே; நகர்ந்துகொண்டே தொடு, நகர்ந்துகொண்டே எடு. புதிதாகச் சூடேறிய முனையை முதலில் மிச்சத்துண்டில் ஒருமுறை இழுத்து மிகைச் சூட்டைப் போக்கிவிட்டுப் பலகைக்கு வா. எப்போதும் உன்னை நோக்கி இழு, தள்ளினால் முனை நாரில் குத்தி நிற்கும். வளைவு வந்தால் மணிக்கட்டை முறுக்காதே, பலகையைத் திருப்பு. கரி படிந்த முனை சூட்டைச் சமமாகக் கடத்தாது, அவ்வப்போது பித்தளை பிரஷில் துடை.

நிழலுக்குத் தட்டை முனை, குறைந்த சூடு, சின்னச் சின்னச் சுழற்சி. ஒரே தடவையில் கருக்க நினைக்காமல் இரண்டு மூன்று சுற்றில் ஏற்று. தாமரை இதழின் அடியில் இப்படி லேசாகப் பழுப்பு ஏற்றிவிட்டால், மேலே நீர்த்த இளஞ்சிவப்பை ஒரே ஒரு பூச்சு பூசினாலே இதழ் குழிந்து தெரியும். இதழின் அடிக்கு ஒரு நிறம், நுனிக்கு ஒரு நிறம் என்று பெயின்டில் மல்லாட வேண்டாம். சூட்டையும் வண்ணத்தையும் சேர்த்துச் செய்வதில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். வெளிச்சம், நிழல் இரண்டையும் சூடு பார்த்துக்கொள்ளும், பெயின்டுக்கு நிறத்தை மட்டும் கொடுத்தால் போதும்.

மின்விசிறிக்கு அடியில் உட்காராதே. காற்று முனையை ஆற்றிக்கொண்டே இருக்கும், கோடு திட்டுத்திட்டாக விழும், புகையும் அறைக்குள்ளேயே சுற்றும். ஜன்னலோரம் உட்கார்ந்து, சின்ன டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வைத்துப் புகையை இழுத்து வெளியே தள்ளவிடு. என்95 முகக்கவசம் துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. காற்றோட்டமே பெரிய பாதுகாப்பு. துப்பட்டாவைக் கழற்றி வை, தலைமுடியை முடிந்துகொள். முனை பல நூறு டிகிரி வரை சூடேறும், குழந்தை வீட்டில் விழித்திருக்கும் நேரத்தில் வேலையே வேண்டாம்.

சுட்டு முடித்ததும் ஒரு ராத்திரி விட்டுவிடு. மறுநாள் உலர்ந்த மெத்தென்ற தூரிகையால் கரித்தூளைத் தட்டி எடு. துணியால் தேய்த்தால் வெள்ளை மரமெல்லாம் சாம்பல் பூசிக்கொள்ளும். பிறகு 400 நம்பர் தாளால் லேசாகத் தடவினால் பென்சில் கோடும் கோட்டோரம் தப்பிப் படர்ந்த பழுப்பும் போகும். இதைச் செய்யாமல் ஸ்டெயினை எடுத்தால் கரித்தூள் அதில் கலந்து பலகை முழுக்கக் கறை ஏறும்.

ஸ்டெயினில் உன் ஆசை வால்நட் நிறத்தின்மேல் இருக்கும், தெரியும். பலகை முழுக்க வால்நட் அடித்தால் நீ சுட்ட கோலம் அதற்குள் மூழ்கிப்போகும். முழுப் பலகைக்குத் தேன் நிறம், அதையும் அதற்குரிய கரைப்பானில் சரிபாதி நீர்க்கவைத்து. அப்பாவின் பழைய வேட்டித் துணியில் நனைத்து ரேகையோடு பூசு, இரண்டு மூன்று நிமிடத்தில் துடைத்து எடு. பலகையின் இரு முனைகளிலும் குறுக்கு வெட்டு இருப்பதால் அங்கே பாதி அளவே காட்டு. அடர் நிறம் எழுத்தைச் சுற்றி மட்டும் வேண்டுமானால் ஜெல் ஸ்டெயின் வாங்கு. கெட்டியாக இருப்பதால் ஓடாது, சின்னத் தூரிகையில் கோட்டுக்குள் நிறுத்தலாம்.

1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க வீடுகளில் மரத்தைச் சுட்டு வரையும் இந்தக் கலை பெரும் மோகமாக இருந்தது. பென்சின் ஆவியில் சூடேறும் பிளாட்டின முனைப் பேனாவும், படம் அச்சிட்ட மரப்பெட்டியும் சேர்த்து விற்றார்கள், பெண்கள் வாங்கி வீட்டில் சுட்டார்கள். அந்தப் பெட்டிகளில் பின்னணி முழுக்கப் புள்ளி குத்திக் கருக்கி, செர்ரிப் பழத்தையோ பூவையோ மட்டும் சிவப்பாக விட்டிருப்பார்கள். நூறாண்டு கடந்தும் அந்தச் சிவப்பு கண்ணை இழுக்கிறது, சுற்றிலும் வேறு நிறம் இல்லாததால்தான். உன் தாமரைக்கும் அதே வழி. பலகையில் அதற்கு மட்டும் இளஞ்சிவப்பு, தண்டுக்குக் கொஞ்சம் பச்சை, மற்றதெல்லாம் மரமும் கரியும்.

சமையலறைச் சாயம் பற்றியும் கேட்டாய். டிகாக்‌ஷன் மென்மையான பழுப்பு தரும். கட்டித் தேயிலைச் சாறு பூசிக் காயவைத்து, அதன்மேல் இரும்பு ஊறிய வினிகரைப் பூசினால் கண்முன்னே சாம்பல் நிறமாகிக் கருக்கும். தேயிலையின் டானினும் இரும்பும் சேர்வதால் வரும் நிறம் அது. வினிகரில் ஸ்டீல் வுல்லோ பழைய இரும்பு ஆணியோ போட்டுச் சில நாள் ஊறவிடு; பாத்திரம் தேய்க்கும் துருப்பிடிக்காத கம்பிநார் உதவாது. பாட்டில் மூடியை இறுக்காதே, உள்ளே வாயு உண்டாகும். மஞ்சள்தூள் கரைசல் மரத்தில் தங்கமாக ஏறும், பார்த்தால் மயங்கிவிடுவாய். வாசல் பலகைக்கு அதை வைக்காதே. மஞ்சளின் நிறம் வெயிலில் வெகுசீக்கிரம் வெளுத்துவிடும், சுண்ணாம்பு பட்டால் குங்குமமாகச் சிவந்துவிடும்.

பெயின்ட் வைப்பதற்குமுன் ஒரு மெல்லிய அரக்குப் பூச்சு கொடு. கடையில் மெழுகு நீக்கிய ஷெல்லாக் என்று கேட்டு வாங்கி ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்தால் போதும். மெழுகு இருந்தால் கடைசியில் அடிக்கும் பாலியூரித்தேன் பிடிக்காமல் உரியும். ஸ்பிரிட் நெருப்புப் பிடிக்கும், பேனா முழுக்க ஆறி உள்ளே போன பிறகே அந்தப் பாட்டிலைத் திற. அடுத்தடுத்த இரண்டு பூச்சுக்கு ஒரே கரைப்பான் இருக்கக் கூடாது என்பதை மட்டும் மறக்காதே. ஸ்பிரிட் ஸ்டெயின் மேல் அரக்கு அடித்தால் ஸ்டெயின் கரைந்து ஓடும். வாட்டர்கலர் மேல் தண்ணீர் வார்னிஷ் தூரிகையில் அடித்தால் தாமரை கலங்கிவிடும். எண்ணெய் ஸ்டெயின், அரக்கு, அதன்மேல் அக்ரிலிக் என்று போனால் சண்டை வராது. ஒவ்வொன்றுக்கும் நடுவே முழுதாகக் காயவிடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் டப்பாவில் போட்ட நேரத்தைப்போல் இரண்டு மடங்கு வை.

அக்ரிலிக்கை ஊடே மரம் தெரியுமளவு நீர்க்கவைத்து மெல்லிய இரண்டு பூச்சாக வை. கெட்டியாக அப்பினால் பலகை பிளாஸ்டிக் ஆகிவிடும், அடியில் நீ ஏற்றிய நிழலும் மறையும். கருங்கோட்டுக்கு ஒரு நூல் இடம்விட்டு உள்ளே நிறுத்து. தப்பித்தவறி கோட்டின்மேல் ஏறினால் உடனே ஈரக் காதுக்குச்சியால் துடை. காய்ந்துவிட்டதா, கருப்பு நிறமிப் பேனாவால் கோட்டை மறுபடி எடுத்துவிடு. சூட்டுப் பேனாவை இப்போது தேடாதே.

எண்ணெய் ஸ்டெயின், ஆளி எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போடாதே தங்கச்சி. எண்ணெய் காற்றில் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடித்துவிடும். மொட்டைமாடியில் பிரித்து விரித்துக் காயவை, அல்லது தண்ணீரில் முக்கி வை.

மேல்பூச்சுக்கு வெளிப்புறத்துக்கு உகந்த, புறஊதாக் கதிரைத் தடுக்கும் மேட் பாலியூரித்தேன் வாங்கு. பளபளப்பு வகை வேண்டாம், வாசல் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்துக் கோடே தெரியாது. மெல்லியதாக மூன்று பூச்சு. முதல் பூச்சை உப்புத்தாளால் தொடாதே, வண்ணம் தேய்ந்துவிடும், இரண்டாவதற்குப் பிறகு 400-ல் லேசாக ஓட்டு. பின்பக்கத்தையும் ஓரங்களையும் பூசு. முன்பக்கம் மட்டும் பூசிய பலகை மழைக்காலத்தில் ஒருபக்கம் ஈரம் குடித்து வளைந்துகொள்ளும்.

இதே பேனாவில் கரண்டிக்கும் காய் நறுக்கும் பலகைக்கும் கைப்பிடியில் பூ சுட்டுத் தருகிறேன் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறாய். சுடுவதோடு நிறுத்து. சாப்பாடு படும் பொருளுக்கு ஸ்டெயினும் பெயின்டும் கிடையாது. மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாராஃபின் தடவிக் கொடு. தேங்காய் எண்ணெய் தடவினால் நாளாவட்டத்தில் காறிப்போன வாடை வரும்.

பலகையை மாட்டும் இடத்தை இன்றைக்கே பார்த்து வை. புறஊதாத் தடுப்பு பூசினாலும் நேர் வெயிலில் மரம் கருத்துக்கொண்டே வரும், மெல்லிய பழுப்பு நிழல்கள் வெளுத்துக்கொண்டே வரும், இரண்டும் ஒன்றாகி ஆழமாகச் சுட்ட கோடு மட்டும் மிஞ்சும். உன் வீட்டு வாசல் மேற்குப் பார்த்தது, சாயங்கால வெயில் நேரே அடிக்கும். கேட்டில் மாட்டாமல் சிட்-அவுட்டின் உள்சுவரில், அழைப்புமணிக்கு மேலே மாட்டு. சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு வாஷர் கனம் இடைவெளி இருக்கட்டும், மழை ஈரம் பின்னால் தேங்காது. துடைக்க உலர்ந்த துணி போதும். ஆயுதபூஜைக்குச் சந்தனம் வைப்பதாக இருந்தால் சட்டத்தில் வை, எழுத்தின்மேல் வேண்டாம்.